தனியார் பள்ளி ஆசிரியர்கள் நிர்வாகத்தோடு சம்பள ஒப்பந்தம் போட முடியுமா?

டீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறீர்கள். மொத்தம் 42 ஆசிரியர்கள். உங்கள் நாத்தனார் மகள் நியூஜெர்சியில் அரசுப் பள்ளி ஆசிரியை. அங்கே சங்கமும் பள்ளி வாரியமும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்களாம், அதே மாதிரி நம் ஊரில் ஏன் முடியாது என்று கேட்கிறீர்கள். கேள்வியாக எழுதியிருப்பது இதுதான். ஆனால் கடைசியில், "கையெழுத்து லிஸ்ட்டில் என் பெயர் முதலில் இருந்தால் என்ன ஆகும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, மனசில் இருக்கிற கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சொல்கிறேன். இரண்டாவதற்கு வர கொஞ்சம் நேரமாகும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி வட்டாரத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் 31 வருடம் கணக்கு வாத்தியார். அதில் பாதிக் காலம் ஆசிரியர் சங்கத்தில் வட்டாரப் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு, வேடிக்கையாக, ஒரு டிரஸ்ட் நடத்தும் சுயநிதிப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான்கு வருடம் இருந்தேன். அதனால் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த ஆள். வழக்கறிஞர் அல்ல. சட்டம் பற்றி நான் சொல்வதைக் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் நியூஜெர்சி. அங்கே ஆசிரியர்களுக்கு நம்மைவிடத் தைரியம் அதிகம் என்பதால் அது நடக்கவில்லை. 1968ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அரசு ஊழியர்களின் பெரும்பான்மைச் சங்கத்தோடு நிர்வாகம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும், பேச மறுப்பதே சட்டமீறல் என்று அதில் இருக்கிறது. பேச்சு முறிந்தால் மாநில ஆணையம் ஒரு மத்தியஸ்தரை அனுப்பும். அதற்கும் மசியவில்லை என்றால், உண்மை நிலவரத்தை ஆராய்ந்து பரிந்துரை எழுத ஒருவர் வருவார். அப்புறம், எதிரில் உட்காரும் வாரியம் ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம். அதன் வருமானத்தில் பெரும்பகுதி வீட்டு வரி. பட்ஜெட் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்; பேச்செல்லாம் அதை எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றித்தான். ஆண்டுகள், பட்டம் இரண்டையும் வைத்துப் படிக்கட்டு மாதிரி ஒரு சம்பள அட்டவணை, மருத்துவக் காப்பீட்டில் யார் எவ்வளவு கட்டுவது, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், பாடம் தயாரிக்க எத்தனை பீரியட் என்று போகும்.

அதே நாட்டில் வட கரோலினாவில் இப்படி ஒப்பந்தம் போடுவதே சட்டப்படி செல்லாது. விஸ்கான்சின் மாநிலம் 1959ல் முதன்முதலாக இந்த உரிமையைக் கொடுத்தது, 2011ல் அதில் முக்கால்வாசியைப் பிடுங்கிக்கொண்டது. உங்கள் நாத்தனார் மகள் இருக்கும் நியூஜெர்சியிலேயே ஆசிரியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். 2001ல் மிடில்டவுன் என்ற ஊரில் காப்பீட்டுத் தொகைக்காக வகுப்பைப் புறக்கணித்தார்கள். நீதிபதி 200க்கும் மேற்பட்ட ஆசிரியர்களைச் சிறைக்கு அனுப்பினார். எப்படித் தெரியுமா? பெயரின் அகரவரிசைப்படி. ஏ, பி, சி என்று ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு அனுப்பினார். அக்கரைப் பச்சையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி நம் பக்கம். சங்கம் வைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது, அதை எந்தத் தாளாளரும் மறுக்க முடியாது. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். ஆனால் சங்கம் வைக்கும் உரிமை வேறு, எதிராளியைப் பேச உட்கார வைக்கும் உரிமை வேறு. வங்கி ஊழியர் சங்க வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பேரம் பேசி வெல்வதோ வேலைநிறுத்தமோ அந்த அடிப்படை உரிமைக்குள் அடங்காது.

எதிராளியைப் பேச உட்கார வைக்கும் உரிமையைத் தருவது தொழிலாளர் சட்டங்கள். அங்கேதான் நமக்குக் கதவு அடைபட்டது. 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, கல்வி நிறுவனமும் 'தொழில்'தான் என்றார்கள். ஆசிரியர்கள் சந்தோஷப்பட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1988ல், கோவாவில் கன்னியர் சபை நடத்திய பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு ஆசிரியையின் வழக்கு வந்தது. சுந்தரம்பாள் வழக்கு என்பார்கள். பெயரைக் கேட்டாலே நம் பக்கத்துப் பெயர். பள்ளி தொழிலாக இருக்கட்டும், ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல, அவர் செய்வது உடலுழைப்போ குமாஸ்தா வேலையோ தொழில்நுட்ப வேலையோ அல்ல என்று தீர்ப்பானது. ஆக, பள்ளி வேன் டிரைவரும் அலுவலக கிளார்க்கும் தொழிலாளர் அலுவலரிடம் போய் நிற்க முடிந்தது, அதே பள்ளியில் பிசிக்ஸ் நடத்துகிறவர் போய் நிற்க முடியவில்லை. இது மாபெரும் கௌரவம் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். கௌரவத்தை வைத்துக் கடையில் அரிசி வாங்க முடியாது.

2025 நவம்பரில் பழைய சட்டங்கள் போய் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றில், 51 சதவீத ஆதரவுள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று இருக்கிறது. வாட்ஸப்பில் சுற்றுவது இந்த ஒரு வரிதான். அதே தொகுப்பில், முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ தொண்டில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் 'தொழில்' என்ற சொல்லுக்குள் வராது என்றும் இருக்கிறது. உங்கள் டிரஸ்ட் முதலில் நீட்டப்போவது இந்த வரியைத்தான். ஆண்டுக்கு இவ்வளவு ஃபீஸ் வாங்குகிற பள்ளி தொண்டா வியாபாரமா என்று நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும். புதுச் சட்டத்தின் கீழ் அது இன்னும் தீராத விஷயம். இதை நம்பி இப்போது காலை வைக்காதீர்கள் என்பது என் யோசனை.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் எப்படிச் சாதித்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அங்கே பள்ளி நிர்வாகம் சம்பளத்தைத் தீர்மானிப்பதே இல்லை, அரசு மானியத்தில் வருகிறது. நாங்கள் எங்கள் தாளாளரிடம் சம்பளத்துக்காக ஒரு நாளும் பேசியதில்லை. எங்கள் பேரம் சென்னையோடு. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்து நடத்தியது அந்தப் பேரம்தான். 2003ல் அதே மாதிரி இறங்கியபோது ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமான அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள் என்றாலும் அந்த ஆடி மாதத்தை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. பேரம் பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது பணப்பை யார் இடுப்பில் இருக்கிறது என்பதை. எங்களுக்குச் சென்னையில். உங்களுக்கு டிரஸ்டில்.

அந்த டிரஸ்ட் எப்படி இயங்குகிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. செட்டிநாட்டில் பள்ளி கட்டுவது கோயில் திருப்பணி மாதிரி ஒரு கைங்கரியம். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரிகளைக் கட்டியதும், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. சின்ன ஊர்களிலும் தாத்தா பெயரில் ஒரு பள்ளி இருக்கும். தாத்தா கட்டினார், பேரன்மார் டிரஸ்டிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் கலிபோர்னியாவில். ஊரில் இருப்பவர் தாளாளர் மட்டும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), திருவிழா என்றால்தான் எல்லோரும் வருவார்கள், அப்போதுதான் கூட்டம் நடக்கும். தாளாளர் சொல்வதுதான் மற்றவர்களுக்குப் பள்ளி.

நான் குழுவில் இருந்தபோது அப்படி ஒரு கூட்டம் நடந்தது. ஒரு சாந்திக்கு வந்திருந்த பங்காளிகள் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் ஐந்து பேர் வந்தார்கள், பேசியவர் மூத்த தமிழம்மா. கோரிக்கை மனு எதுவும் கையில் இல்லை. ஒரே ஒரு தாள். ஆறு வருடத்தில் ஃபீஸ் எப்படி ஏறியது, சம்பளம் எப்படி ஏறியது, இரண்டே பத்தி. ஃபீஸ் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது, சம்பளம் 7,500லிருந்து 9,000. கீழே, "மே மாதம்: இல்லை" என்று ஒரு வரி. மலேசியாவிலிருந்து வந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தாளாளரிடம் கேட்டார்: "ஏன் அண்ணே, மே மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கிறதில்லையா?" அவருக்கு அதுவரை தெரியாது. கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் அது 'சிக்கனம்' என்று போயிருந்தது. ஐந்தொகையை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கை, கடைசிக் காசு வரை பார்க்கும் வீட்டில், அதற்குப் பின்னால் யாருடைய அடுப்பு அணைந்திருக்கிறது என்பது தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று மே சம்பளமும் மாதம் 1,500 உயர்வும் கிடைத்தது. வருடாந்திர இன்கிரிமென்டை எழுதித் தர மறுத்துவிட்டார்கள். நானும் அன்று அதற்காகப் பெரிதாக வாதாடவில்லை, அது என் குறை.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் இப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் பள்ளியில் பணத்தைத் தீர்மானிக்கிற ஆள் தாளாளர்தானா, அவருக்குப் பின்னால் இருப்பவர்களா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த ஆள் ஊருக்கு வரும் நாளையும்.

இன்னொரு நாள் முக்கியம். 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அது மூன்று ஆண்டுக்குச் செல்லும். விண்ணப்பிக்கும்போது பள்ளி தன் செலவுகளைக் காட்ட வேண்டும், அதில் பெரிய செலவு உங்கள் சம்பளம். உங்கள் நாத்தனார் மகள் சொன்ன அந்த மூன்று வருடம் நமக்கும் ஒரு விதத்தில் இருக்கிறது பாருங்கள். கட்டணம் மறுபடி நிர்ணயமாகும் வருடத்தில் பேசினால், "பணம் எங்கே இருக்கிறது" என்ற பதிலுக்கு வலு குறையும். நிர்ணயித்த கட்டணம் ரகசியமும் அல்ல. பிள்ளைகள் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், தமிழம்மாவின் தாளில் முதல் பத்தி வந்துவிடும்.

கேட்பதில் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே உங்களுடையது ஒன்று, பேசி வாங்க வேண்டியது ஒன்று. இரண்டையும் கலந்து கேட்டால் உங்கள் சொந்தப் பணத்தையே சலுகையாகக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். குழுவில் இருந்தபோது அதைக் கண்ணால் பார்த்தேன். பி.எஃப். பேச்சுக்குரிய விஷயமே அல்ல, 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் பள்ளிக்கு அது கடமை. நிர்வாகத்தின் 12 சதவீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் அது தவறு. பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படித்தான். ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்று 2004ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2009ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கு 2022 ஆகஸ்டில் தள்ளுபடியானது. ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுத்து. உங்கள் கடைசிச் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொண்டால் எட்டு வருடத்துக்கு 83,000 சொச்சம் வரும். அடிப்படைச் சம்பளம் 5,000, மீதியெல்லாம் 'அலவன்ஸ்' என்று எழுதும் வித்தைக்கும் புதுத் தொகுப்பு கடிவாளம் போட்டிருக்கிறது. மொத்தத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸ் என்று காட்டினால் அந்த மிகுதி சம்பளக் கணக்கில் சேரும்.

பேசி வாங்க வேண்டியவை வேறு: மே மாதச் சம்பளம், சீனியாரிட்டிப்படி ஒரு சம்பளப் படிநிலை, வருடாந்திர உயர்வு, சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகும் வேலைக்கு வரம்பு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திருப்பித் தருவது. இதில் எனக்கு முதலில் வருவது ஒன்றுதான்: நியமன ஆணை. கல்யாணத்துக்கே இசைபிடிமானம் என்று ஒரு ஒப்பந்தத் தாள் எழுதிக் கையெழுத்து வாங்கும் ஊர் இது. ஆனால் எட்டு வருடம் பாடம் நடத்துகிறவருக்கு ஒரு தாள் கிடையாது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், அது ஒவ்வொருவரின் நியமன ஆணையிலும் ஏற வேண்டும். சங்கமும் டிரஸ்டும் போடும் பொதுவான காகிதத்தை நம்பி நீதிமன்றம் போனால், தனிப்பட்ட வேலை ஒப்பந்தத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று பொதுவாக உத்தரவிட மாட்டார்கள், அதிகபட்சம் நஷ்ட ஈடு. உங்கள் பெயர் போட்ட ஆணையில் இருக்கும் தொகை உங்கள் பாக்கித் தொகை. அதை மறுப்பது கஷ்டம்.

டெல்லியில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசுப் பள்ளிக்கு இணையான சம்பளம் உண்டே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஃபிராங்க் அந்தோணி பள்ளியின் ஊழியர் சங்கம் 1986ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றது. ஆனால் அந்த உரிமை டெல்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் எழுதியே இருக்கிறது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக முடியாது. தனியார் பள்ளியின் வேலைப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் ரிட் மனு போட முடியாது என்றும் 2022ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

வேலைநிறுத்தம் வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு ரிவிஷன் நிற்கிறது என்றால் மூன்றாம் நாள் பெற்றோர் முழுக்கத் தாளாளர் பக்கம் போய்விடுவார்கள். அதே பெற்றோர், மே மாதத்தில் உங்களுக்குச் சம்பளம் இல்லை என்று தெரிந்தால் சங்கடப்படுவார்கள். இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று பாருங்கள்.

சரி, முதல் பெயர். பயம் நியாயமானது, மழுப்ப மாட்டேன். 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிச் சட்டத்தின் 22ஆம் பிரிவில், கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கக் கூடாது என்று இருந்தது. அதன் இடத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம், விதிகளோடு 2023ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வக்கீலிடம் போகும்போது முதலில் அதில் ஆசிரியர் பணி பற்றிய அத்தியாயத்தைக் காட்டி, உங்கள் வகைப் பள்ளிக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று கேளுங்கள். ஆனால் நடைமுறையில் யாரையும் 'நீக்க' மாட்டார்கள். அந்தத் தமிழம்மாவை நீக்கவில்லை. அடுத்த ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்கள். கடைசி பீரியட், மாடி அறை. முழங்கால் வலிக்காரர். ஒரு வருடம் ஏறி இறங்கினார், அப்புறம் அவராகவே நின்றுவிட்டார். குழுவில் நான் கேட்டபோது 'கால அட்டவணை தலைமையாசிரியர் அதிகாரம்' என்றார்கள். எந்தச் சட்டமும் அந்த மாடிப்படியைத் தடுக்காது.

அதனால் தனியாகப் போகாதீர்கள். 42 பேரில் 30 பேராவது கையெழுத்துப் போடும் வரை காகிதத்தை வெளியில் எடுக்காதீர்கள். 15 பேர்தான் தேறுகிறார்கள் என்றால் இந்த வருடம் பி.எஃப்., பணிக்கொடைக் கணக்கை மட்டும் சரிபார்த்துக்கொண்டு காத்திருங்கள். நாங்கள் சங்கத்தில் பழைய ஒரு வழி வைத்திருந்தோம். தாளின் நடுவில் விஷயத்தை எழுதி, ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அந்த வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்து வாங்குவோம். மேலே கீழே கிடையாது. தாளை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு ஒருவர் பெயர்தான் முதலில் நிற்கும். கொஞ்சம் பெரிய தட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், 30 பேருக்கு இடம் வேண்டும்.